பேதையர் பக்தி

கல்வி மிகுந்த இடத்திற் பக்தி குறையும் என்னும் கொள்கையொன்று நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அது நூல்களில் எழுதப்பட்டதினும் திண்ணைகளிற் பேசப்பட்டதே மிகுதி. கற்றவன் கடவுளை ஆராய்வான், கல்லாதவன் கடவுளைக் கும்பிடுவான் என்பர். இதனோடு சேர்த்து, பக்தி என்பது பெண்டிர்க்கு இயல்பாக அமைந்த செல்வமென்றும், அச்செல்வத்தைக் கல்வியென்னும் காற்றுப் படாமற் காத்தலே நலமென்றும் சொல்வாரும் உளர். முன்னைய கூற்றிற் சிறிது உண்மை உண்டு. பின்னைய கூற்று அச்சிறிய உண்மையைத் துணையாகக் காட்டித் தன் காரியத்தை முடித்துக்கொள்வது. நெல்லும் பதரும் ஒரே குவியலிற் கிடப்பது போல இவ்விரண்டும் மக்கள் வாக்கிற் கலந்து கிடக்கின்றன. இவற்றைத் தூற்றிப் பிரித்தற்கு ஐரோப்பாவின் இடைக்காலத்து ஞானியொருவர் எமக்குத் துணையாயினார். அவர் கூறியது யாது என்பதையும், எம் ஊராகிய சாணார்பட்டியில் எம் இல்லத்தில் எழுந்த வழக்கொன்றிற்கு அஃது எவ்வாறு பொருந்தியது என்பதையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

அந்த ஞானியார் தோமாஸ் அக்குவினாஸ் என்பவர். ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடைப்பட்ட ரோக்காசெக்கா என்னும் கோட்டையில், ஏறக்குறைய 1225-ஆம் ஆண்டில், உயர்ந்த குடும்பமொன்றிற் பிறந்தவர். இரந்துண்டு வேதம் போதிக்கும் தொமினிக்குச் சபைத் துறவிகளோடு சேர அவர் விரும்பியபோது, குடும்பத்தார் அதனைத் தம் குலத்திற்கு இழிவென்று கருதி, ஓராண்டளவு அவரைக் காவலில் வைத்தனர். அவரோ தம் மனத்தை மாற்றிக்கொண்டாரல்லர். பின்னர்ப் பேரறிஞராகிய ஆல்பர்ட்டு என்பாரிடம் பாடங் கேட்டார். பருத்த உடலும் பேசா வாயும் உடையராயிருந்தமையின் உடன் பயின்றோர் அவரை ஊமை எருது என்று எள்ளினர். அவ்வூமை எருதே பிற்காலத்திற் பாரிஸ் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, மேனாட்டுக் கிறிஸ்தவ உலகம் இன்றளவும் போற்றும் இறையியற் றொகை நூலை இயற்றியது.

லத்தீன் மொழியிலே தொகை நூலைச் 'சும்மா' என்பர். தமிழ் பயில்வார்க்கு இப்பெயர் சிறிது நகை விளைக்கும். சும்மா இருத்தலே ஞானத்தின் முடிவு என்பது நம் நாட்டுச் சித்தர் கொள்கை. மிகப் பெரிய நூலொன்றிற்கு அப்பெயர் வாய்த்ததும், அதன் ஆசிரியர் இறுதியில் உண்மையாகவே சும்மா இருந்துவிட்டதும் வியக்கத்தக்கன. அதனைப் பின்னர்க் காண்பாம்.

அந்நூல் அமைந்துள்ள முறையும் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. முதலில் ஒரு வினா எழுப்பப்படும். அதன்மேல் எதிர்க்கட்சியார் கூறும் தடைகள் வரிசையாக நிறுத்தப்படும். பின்னர் ஆசிரியர் தம் கொள்கையை நாட்டி, ஒவ்வொரு தடைக்கும் விடை பகர்வார். நம் உரையாசிரியர்கள் தடைவிடைகளாற் பொருளை நிறுவும் முறையை இஃது ஒத்திருத்தல் காண்க. அக்குவினாஸ் வாழ்ந்த அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில், நம் தமிழ்நாட்டில் அருணந்தி சிவாசாரியார், பிறர் மதங்களைப் பரபக்கமென முன்வைத்து மறுத்துத் தம் மதத்தைச் சுபக்கமென நிறுவிச் சிவஞான சித்தியாரை இயற்றினார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதார். எனினும் எதிரியின் வாக்கை முழுவதும் கேட்ட பின்னரே விடை கூறல் வேண்டும் என்னும் நடுவுநிலைமை இருவர்க்கும் பொதுவாயிருந்தது.

இனி, எடுத்த பொருளுக்கு வருவோம். தொகை நூலின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 82-ஆம் வினா பக்தியைப் பற்றியது. பக்தி என்பது கண்ணீர் வடித்தலோ நெஞ்சம் உருகுதலோ அன்று, கடவுளின் ஊழியத்திற்குத் தன்னைத் தயக்கமின்றி ஒப்புக்கொடுக்கும் சித்தமே பக்தி என்பது அவர் தரும் இலக்கணம். உருக்கமும் உவகையும் அச்சித்தத்தின் பின்னே வருவன. அப்பக்தி எதனாற் பிறக்கும் என்னும் வினாவிற்கு, புறத்தேயுள்ள முதற்காரணம் கடவுளே என்றும், நம் அகத்தேயுள்ள காரணம் தியானமே என்றும் விடை கூறுகின்றார். கடவுளின் நன்மையையும் தன் குறைவையும் ஒருவன் எண்ண எண்ண அவன் சித்தம் கடவுள்பாற் சாயும் என்பது கருத்து.

அவ்விடத்தில் ஒரு தடை எழுகின்றது. தியானமே பக்திக்குக் காரணமாயின், தியானத்திற்குரிய கல்வியிற் சிறந்தோரே பக்தியிலும் சிறந்திருத்தல் வேண்டும். ஆனால் உலகிற் காண்பது வேறாயிருக்கின்றதே. எளிய மக்களிடத்தும் பெண்களிடத்துமன்றோ பக்தி பெருகிக் காணப்படுகின்றது? இதற்கு அக்குவினாஸ் கூறும் விடையின் சாரம் வருமாறு: கல்வியாயினும் பிற மேன்மையாயினும், ஒருவன் தன்னைத்தானே நம்பிக்கொள்ளற்கு ஏதுவாகின்றது. தன்னை நம்பியவன் தன்னை முழுவதும் கடவுளுக்குக் கொடான். ஆதலின் அவை சிலபோது பக்திக்குத் தடையாகும். எளியோரிடத்தும் பெண்களிடத்தும் செருக்கு அடங்கியிருத்தலாற் பக்தி பெருகுகின்றது. இவ்வளவில் அவர் நின்றாரல்லர். ஒருவன் தன் கல்வியை முற்றிலும் கடவுளுக்குக் கீழ்ப்படுத்துவானாயின், அக்கல்வியாலேயே அவன் பக்தி வளரும் என்று கூறி முடிக்கின்றார்.

எளியோரையும் பெண்டிரையும் அவர் ஒருங்கே வைத்து எண்ணியதைப் படித்தபோது, எமக்குத் தமிழிலுள்ள பேதை என்னும் சொல் நினைவிற்கு வந்தது. அச்சொல் அறிவில்லாதாரையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். மகளிர் பருவம் ஏழனுள் முதற்பருவத்திற்கும் அதுவே பெயர். மகளிர்க்குரிய நாற்குணங்களுள் மடம் என்பதொன்று. மடமை என்பது அறியாமைக்கும் பெயர். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இரண்டு நாடுகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், பெண்மையையும் அறியாமையையும் ஒரே கூட்டிற் குடிவைத்திருக்கின்றன. இஃது இயற்கையின் தீர்ப்பன்று. பெண்ணின் கையில் ஏடு கொடாத சமுதாயங்கள், ஏடறியாத அவள் நிலையை அவள் பிறவிக் குணமென்று எழுதி வைத்துக்கொண்டன. அவ்வளவே.

அக்குவினாஸ் தம் காலத்துக் கட்டிலிருந்து முற்றிலும் விடுபட்டவர் என்று யாம் வாதியேம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூறிய இயற்கை நூற் கொள்கைகளை அவர் பெரிதும் மதித்தார். ஆதலின் மக்கட்பேறு ஒழிந்த பிற செயல்களில் ஆணுக்குத் துணையாதற்குப் பிறிதோர் ஆணே ஏற்றவன் என்று எழுதினார். ஞானத்தைப் போதிக்கும் வரம் பெண்களுக்கும் உண்டென்று ஒப்பி, அதனை இல்லத்திலும் சிலரிடத்திலும் வழங்கலாமேயன்றிச் சபைமுன் பொதுவில் வழங்கலாகாது என்று வரம்பு கட்டினார். இவை இன்று நமக்கு உடன்பாடல்ல.

எனினும் அதே கரம் வேறு சிலவற்றையும் எழுதியிருக்கின்றது. கடவுளின் சாயல் அதன் முதன்மையான பொருளில் அறிவுடைய ஆன்மாவைப் பற்றியது, ஆதலின் ஆண் பெண் இருபாலார்க்கும் அது பொது என்றார். ஏவாள் தலையினின்று எடுக்கப்பட்டாளல்லள், ஆகவே ஆணை ஆளப் பிறந்தவளல்லள். காலினின்று எடுக்கப்பட்டாளல்லள், ஆகவே அடிமையாக மிதிக்கப்படத் தக்கவளுமல்லள் என்றார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் முதன்முதற் பெண்களுக்குக் காட்சியளித்தமைக்குக் காரணம் கூறுமிடத்து, சீடர்கள் கல்லறையை விட்டு அகன்ற பின்னும் அகலாது நின்றது அவர்கள் அன்பே என்றார். யோவான் சுவிசேஷத்திற்கு எழுதிய உரையில் மகதலேனா மரியாளை அப்போஸ்தலர்க்கும் அப்போஸ்தலராகப் போற்றினார். அப்பெயரின் பெருமையை நினைவுகூர்ந்தே 2016-ஆம் ஆண்டில் ரோமைத் திருச்சபை அவ்வம்மையாரின் நினைவு நாளை அப்போஸ்தலர் திருநாள்களுக்கு நிகராக உயர்த்தியது. சபைமுன் பெண் பேசலாகாது என்று எழுதியவரே, சபையின் முதற் செய்தியைப் பெண்ணே சுமந்து சென்றாள் என்றும் எழுத நேர்ந்தது. வேதத்தைக் கூர்ந்து படிப்பவன் தன் காலத்து வழக்கத்திற்குள் முற்றிலும் அடங்கிக் கிடத்தல் இயலாது போலும்.

இனி, எம் ஊரைப் பற்றிச் சிறிது கூறுவாம். திண்டுக்கல்லினின்று நத்தத்திற்குச் செல்லும் சாலையிற் சாணார்பட்டி உளது. தென்பால் சிறுமலைத் தொடர் நீல மதிலென நிற்கும். புளியும் மாவும் தென்னையும் தழைக்கும் செம்மண் பூமி. மழை பொய்த்தால் கிணற்றையே நம்பி வாழ்வது. அமெரிக்க மிஷனரிமார் 1834-ஆம் ஆண்டில் மதுரையிலும், அடுத்த ஆண்டிலே திண்டுக்கல்லிலும் தம் பணியைத் தொடங்கினர். அப்பணியின் வழியாகவே எம் முன்னோர் கிறிஸ்தவராயினர். பள்ளிக்கூடமும் மருத்துவசாலையும் அப்பணியின் இரு கைகளெனில், வேதாகம ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்ட தமிழ்ப் பெண்கள் அதன் கால்கள் எனலாம். அவர்கள் கையிற் புத்தகப் பையோடு ஊர் ஊராக நடந்து, இல்லத்தின் உள்ளறை வரையிற் சென்று, பெண்களுக்கு வேதமும் எழுத்தும் கற்பித்தனர். அத்தகைய பெண்களைப் பயிற்றுதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈவா சுவிப்ட் என்னும் அம்மையார் மதுரையில் ஒரு பாடசாலையை நிறுவினார். ஆண் போதகர் நுழைய இயலாத இடங்களில் அவர்கள் நுழைந்தனர். அக்குவினாஸ் கட்டிய வரம்பின்படி பார்ப்பின், அவர்கள் செய்தது இல்லத்துப் போதனையே. ஆனால் அவ்வில்லங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பின், ஒரு சபை முழுவதும் அவற்றுள் அடங்கிவிடும்.

எம் அப்பத்தா அத்தகைய வேதாகம ஸ்திரீ ஒருவரிடம் சிறு வயதிற் பாடங் கேட்டவர். எழுத்துக் கற்குமுன்னரே அவ்வம்மையார் வேறூர் மாறிச் சென்றமையால், அப்பத்தாவுக்கு வாய்ப்பாடம் மட்டுமே எஞ்சியது. அவர் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து மல்லிகைத் தோட்டத்திற்குச் செல்வார். மொட்டு விரியுமுன் பறித்து, திண்டுக்கல் பூச்சந்தைக்குச் செல்லும் முதற் பேருந்தில் ஏற்றிவிடல் வேண்டும். கை பூப் பறிக்க, வாய் சங்கீதம் சொல்லும். மலைகளைப் பற்றிப் பேசும் 121-ஆம் சங்கீதத்தை அவர் சிறுமலையை நோக்கியவாறே சொல்லக் கேட்டிருக்கின்றோம். இருபதுக்கு மேற்பட்ட சங்கீதங்கள் அவர்க்கு வரிசை பிறழாது வரும். ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால், அப்பத்தாவின் தலை சட்டென்று நிமிரும். ஆராதனை முடிந்த பின்னர் வாசித்தவரிடம் மெல்லச் சென்று அச்சொல்லைக் கூறிவிட்டு வருவார். வாசித்தவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அச்சொல் அங்கே இருக்கும்.

ஊரார் அப்பத்தாவைச் சுட்டிக்காட்டி, எழுத்தறியாத கிழவியின் பக்தியைப் பாருங்கள் என்பர். எழுத்தறியாமை உண்மை. ஆயினும் அவர் அறியாதவரா? தியானமே பக்திக்கு வேர் என்னும் அக்குவினாஸ் கொள்கையை வைத்து நோக்கின், அப்பத்தாவின் பக்தி அறியாமையிலே முளைத்ததன்று. செவிவழியாகப் பெற்ற வேதத்தை அறுபதாண்டுகட்கு மேலாக நெஞ்சிலிட்டு அசைபோட்டதன் விளைவு அது. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்து, கல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்றார். கேள்வியும் அறிவுக்கு ஒரு வாயிலே. அப்பத்தாவிற்கு அவ்வொரு வாயிலே திறந்திருந்தது. மற்றொன்று அடைத்துக் கிடந்தது. திறந்த வாயிலின் வழியே வந்த வெளிச்சத்தைக் கண்டு, அடைத்த வாயிலைப் புகழ்வது எத்தகைய நியாயம்?

இவ்வினா எமக்கு வெறும் ஏட்டு வினாவன்று. எம் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பிற் றேறினாள். மேற்கொண்டு இறையியல் கற்றுச் சபையில் ஊழியஞ் செய்தல் வேண்டும் என்பது அவள் விருப்பம். சிறு வயது முதல் ஓய்வுநாட் பள்ளியிற் சிறுவர்க்குக் கதை சொல்லி வருபவள் அவள். விண்ணப்பத் தாளும் வந்துவிட்டது. அதனைப் பற்றிப் பேச உறவினர் எம் இல்லத்திற் கூடினர். செலவைப் பற்றி ஒருவர் பேசினார், திருமணத்தைப் பற்றி ஒருவர் பேசினார். அவற்றிற்கு விடையிறுத்தல் எளிது. குடும்பத்தில் மூத்தவராகிய பெரியப்பா பேசியதே தடுமாற்றத்தை விளைத்தது. அவர் நல்லவர், எம் கல்லூரிக் கட்டணத்திற் பாதியைத் தாமே மனமுவந்து தருபவர். "பெண் பிள்ளைக்குப் பக்தி வேண்டும், வேதசாஸ்திரம் வேண்டாம். படித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் ஜெபம் போகும். நம் ஆத்தாளுக்கு என்ன படிப்பு இருக்கிறது? அவளைப்போல் ஜெபிக்கிறவர் இந்த ஊரில் யார்?" என்று அவர் கூறினார். அப்பா வாய் திறக்கவில்லை. தங்கை அடுக்களை வாயிலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அப்பத்தா சுவரோரத்தில் அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். நாரை மடியில் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தார். அவர் கூறியதை அவர் வாய்மொழியாகவே தருகின்றோம். "ஏப்பா, எனக்கு எழுத்துத் தெரியாததாலயா சாமி மேல பக்தி வந்துச்சு? எழுத்து வேணாம்னு நான் என்னைக்குச் சொன்னேன்? என்னைய யாரும் கேக்கலை. கேட்டிருந்தா வேணும்னுதான் சொல்லியிருப்பேன்."

அவ்வளவே அவர் பேசியது. மீண்டும் நாரைக் கையில் எடுத்துக்கொண்டார். கூடத்தில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

பெரியப்பா அக்குவினாஸைப் படித்தவரல்லர். ஆயினும் அவர் கூறியது அத்தொகை நூலின் தடைவிடையிற் பாதியே என்பது எமக்குப் பின்னர்ப் புலனாயிற்று. கல்வி செருக்கை விளைத்துப் பக்தியைக் கெடுக்கக்கூடும் என்பது அந்நூலில் உண்மையாகவே உள்ள எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கை யாரை நோக்கியது? அந்நூல் இறையியல் பயிலத் தொடங்கும் மாணவர்க்காக எழுதப்பட்டது. அம்மாணவர் அனைவரும் ஆடவர். எழுதியவரும் பெரும்புலமை வாய்ந்த ஆடவர். தாமும் தம்மைப் போன்ற பண்டிதரும் செருக்கினால் இழக்கக்கூடியது யாது என்பதைக் காட்டவே அவர் எளியோரையும் பெண்டிரையும் சான்றாக நிறுத்தினார். பண்டிதனுக்கு எழுதிய மருந்துச் சீட்டை எடுத்து, அவன் வீட்டுப் பெண்ணுக்குப் புகட்டுவது போன்றது பெரியப்பாவின் வாதம். எம்மைக் கல்லூரிக்கு அனுப்பிய அன்று, எம் ஜெபம் குறையுமோ என்று எவரும் கவலையுற்றாரல்லர். செருக்கு என்னும் நோய் பற்றக்கூடியவராக அந்நூல் சுட்டுவதோ எம் போன்றாரையே. நோயாளி கடைவீதியில் உலாவ, நோயில்லாதவள் பத்தியம் காக்க வேண்டுமோ?

இன்னுமொன்று. செருக்கு அடங்குதல் என்பது வேறு, அடக்கப்படுதல் என்பது வேறு. தன்னிடம் உள்ளதைத் தானே கடவுளின் பாதத்தில் வைப்பவன் தாழ்மையுடையவன். ஒன்றுமே கொடுக்கப்படாதவன் எதை வைப்பான்? பக்தி என்பது தன்னை மனமுவந்து ஒப்புக்கொடுக்கும் சித்தம் என்று அக்குவினாஸே இலக்கணம் வகுத்தார். சித்தத்தின் செயலாயின், அது கட்டாயத்தில் விளையாது. கற்க வாய்ப்புப் பெற்று, கற்றதையும் கடவுளுக்குக் கீழ்ப்படுத்துபவளின் பக்தி, அவ்விடையின் இறுதி வாக்கியத்தில் அவர் போற்றும் பக்தியாகும். கற்றதன் பயன் இறைவன் திருவடியைத் தொழுதலே என்று திருவள்ளுவர் தம் நூலின் முதல் அதிகாரத்திற் கூறியதும் இதனையே. அவர் கல்வியை விட்டுவிட்டுத் தொழு என்றாரல்லர். கற்றுத் தொழு என்றார். அவ்விடத்தில் ஆண் பெண் என்னும் வேற்றுமையும் செய்தாரல்லர்.

பெண்ணின் பக்தி மௌனத்தில் மட்டுமே வாழும் என்பாரும் தமிழ் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். சைவ அடியார் அறுபத்துமூவருட் பெண்டிர் மூவர். அவருட் காரைக்காலம்மையார் பதிகமும் அந்தாதியும் பாடிய புலவர். இறைவனே அவரை அம்மையே என்று அழைத்ததாக, அக்குவினாஸுக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட சேக்கிழார் பாடினார். ஆழ்வார் பன்னிருவருட் பெண் ஆண்டாள் ஒருவரே. ஆயினும் மார்கழி வைகறையில் ஆடவரும் ஓதுவது அவர் பாடலையே. நம் கிறிஸ்தவ சபையிலும் இதற்குச் சான்று உண்டு. 1778-ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் விதவை, பாளையங்கோட்டையில் ஆலயமெடுத்து 1785-ஆம் ஆண்டிற் பிரதிஷ்டை செய்வித்தார். பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று அதனை மக்கள் அழைத்தனர். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு ஒரு பெண்ணின் பெயரிலிருந்தே தொடங்குகின்றது எனின் அது மிகையன்று.

அக்குவினாஸ் சார்ந்திருந்த சபையிலேயே இவ்வழக்கிற்கு ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. அவர் இறந்து எழுபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1347-இல், இத்தாலியிலுள்ள சியன்னா நகரில் கத்தரீன் என்னும் பெண் பிறந்தார். அவர் தந்தையார் சாயத்தொழில் செய்தவர். எம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டியிற் சாயம் தோய்த்துச் சேலை உலர்த்தும் குடும்பங்களைக் கண்டோர் அவ்வில்லத்தை மனத்திற் கண்டுகொள்ளலாம். இளமையில் அவர்க்கு எழுத்துக் கற்பிக்கப்படவில்லை. தொமினிக்குச் சபையின் இல்லறப் பிரிவிற் சேர்ந்து நோயாளர்க்குத் தொண்டு செய்தார். பின்னர் அரசர்க்கும் குருக்கட்கும் பாப்பரசர்க்கும் அவர் சொல்லி எழுதுவித்த கடிதங்களுள் முந்நூறுக்கு மேற்பட்டன இன்றும் உள்ளன. பிரான்சு நாட்டு அவிஞ்ஞோனில் தங்கியிருந்த பதினோராம் கிரகோரியாரை ரோமாபுரிக்குத் திரும்பும்படி அவர் வற்புறுத்தினார். 1377-இல் பாப்பரசர் திரும்பினார். கத்தரீன் 1380-இல் முப்பத்துமூன்றாம் வயதில் இறந்தார். ரோமைத் திருச்சபை அக்குவினாஸுக்குத் திருச்சபையின் வேதபாரகர் என்னும் பட்டத்தை 1567-ஆம் ஆண்டில் அளித்தது. அதே பட்டத்தை 1970-ஆம் ஆண்டில், அவிலா நகரத் தெரேசாவுக்கும் சியன்னா நகரக் கத்தரீனுக்கும் அளித்தது. பொதுவிற் போதிக்கலாகாது என்று ஒருவர் எழுதிய பாலினத்தைச் சார்ந்தவர், அவரோடு ஒரே பீடத்திற் போதகராக அமர்த்தப்படுதற்கு நானூற்று மூன்று ஆண்டுகள் சென்றன. நம் தென்னிந்தியத் திருச்சபையோ 1947-ஆம் ஆண்டில் உருவாகி, 2013-ஆம் ஆண்டில் நந்தியால் மண்டலத்திற்குப் புஷ்பலலிதா அம்மையாரை முதற் பெண் பேராயராக அபிஷேகம் செய்தது. அத்திருச்சபையைச் சார்ந்த எம் இல்லத்தில், ஒரு பெண் இறையியல் கற்கலாமா என்னும் வினா இன்னும் எழுதல் வியப்பே.

அக்குவினாஸின் இறுதியைக் கூறுவதாக முன்னர்ச் சொன்னோம். 1273-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் நாள், நேப்பிள்ஸ் நகரில் ஆராதனை நடத்துங்கால் அவர்க்கு ஏதோவோர் அனுபவம் உண்டாயிற்று. அன்று முதல் அவர் எழுதுகோலைத் தொட்டிலர். எழுதும்படி துணைவர் வேண்டியபோது, தாம் கண்டதை நோக்கத் தாம் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகின்றது என்று கூறியதாக வரலாறு சொல்லும். தொகை நூல் முற்றுப்பெறாது நின்றது. அடுத்த மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கல்வியைக் கடவுளுக்குக் கீழ்ப்படுத்துதல் என்று தாம் எழுதியதை அவர் தம் வாழ்விலேயே நிறைவேற்றினார் எனலாம்.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, பார்த்தீரா, பெருங்கல்வியும் வைக்கோலே, ஆதலாற் கல்வி எதற்கு என்று வாதிப்பாரும் இருப்பர். எம் ஊரார் வைக்கோலை நன்கு அறிவர். விதைத்து, நீர் பாய்ச்சி, களை பறித்து, அறுத்துக் களத்திற் போரடித்தவனே ஒன்றைக் கையில் எடுத்து இது வைக்கோல் என்று சொல்லத் தக்கவன். நிலமே கொடுக்கப்படாத ஒருத்தியிடம் சென்று, அறுவடையெல்லாம் வைக்கோல்தான், உனக்கு நிலம் வேண்டாம் என்பது ஞானமாகாது. கல்வி சிறிதென்று துறக்கும் உரிமை, கல்வியைப் பெற்றவர்க்கே உண்டு.

எம் தங்கையின் விண்ணப்பத் தாள் இன்னும் பெட்டியிலே இருக்கின்றது. அறுப்பின் பண்டிகை முடிந்ததும் முடிவு கூறுவதாக அப்பா சொல்லியிருக்கின்றார். பெரியப்பா அதன்பின் அப்பேச்சை எடுத்திலர். ஆனால் சென்ற வாரம் தங்கையை அழைத்து, அக்கல்லூரியில் விடுதி உண்டா என்று வினவியதாகக் கேள்விப்பட்டோம். அப்பத்தாவோ முடிவுக்குக் காத்திருந்தாரல்லர். மாலையிற் பூத் தொடுத்து முடிந்த பின், தங்கையிடம் சிலேட்டும் பல்பமும் கேட்டு வாங்கிக்கொண்டு அமர்கின்றார். இதுவரையிற் பன்னிரண்டு எழுத்து முடிந்திருக்கின்றது. ஜெபம் குறைந்ததாகத் தெரியவில்லை.

அன்பர்காள், நம் இல்லங்களிலும் சபைகளிலும் பக்தியுள்ள பெண்கள் பலர் உளர். அவர்தம் பக்தியைப் போற்றுவோமாக. போற்றுங்கால், அவர்கட்குக் கொடாதிருந்ததையும் சேர்த்துப் போற்றாதிருப்போமாக. கற்ற ஆடவராகிய நாம் அஞ்சவேண்டிய செருக்கு நம்மிடத்தே உளது. அதனை அடக்கும் கடமையும் நம்முடையதே. அக்கடமையை நம் தங்கைமார் தலையிற் சுமத்துதல் முறையன்று. அவர்கள் கையில் ஏட்டைக் கொடுப்போம். அதனைக் கடவுளின் பாதத்தில் வைக்கும் வழியை அவர்கள் அறிவர்.